.250 அடிச்சவன் திடீர்னு .300 அடிச்சா, பேட்டிங் நிஜமாவே தேறிடுச்சா?

கேள்வி இதுதான்: ஒரு பேஸ்பால் பேட்டர் ரெண்டு வருஷமா .250 பக்கமே சுத்திட்டு இருந்தான், இந்த வருஷம் .300 அடிச்சுட்டான், கோச் புது ஸ்விங்னு சொல்றாரு, கமெண்டரில பக்குவம் வந்துடுச்சுன்னு பேசறாங்க, இதை நம்பலாமா, அடுத்த வருஷமும் .300 எதிர்பார்க்கலாமா?

ஆவரேஜ் மட்டும்தான் கையில இருக்குன்னா, அந்த 50 பாயிண்ட் உயர்வுல (.001-ஐத்தான் ஒரு பாயிண்ட்னு சொல்றது) மூணுல ஒரு பங்குதான் கையில நிக்கும்னு வச்சுக்கோங்க. எங்கேர்ந்து அந்த மூணுல ஒரு பங்கு வந்துச்சுன்னு கடைசில கணக்கு போட்டே காட்டறேன். ஆனா ஆவரேஜ் மட்டும் வச்சு யாரும் இப்போ முடிவு பண்றதில்ல, அதைப் பிரிச்சுப் பார்த்தா எது அவனோடது, எது காத்தோட போறதுன்னு ஓரளவு தெரிஞ்சுடும்.

முதல்ல ஒரு விஷயம், கிரிக்கெட் ஆவரேஜோட இதைக் குழப்பிக்காதீங்க. அங்க ரன்னை அவுட்டால வகுக்கறோம், இங்க ஹிட்டை (அடிச்சுட்டு அவுட் ஆகாம பேஸ் சேர்ந்தது) அட்-பேட்டால (பேட் பிடிக்க வந்த தடவை) வகுக்கறோம், அவ்ளோதான், .250ன்னா நாலுல ஒண்ணு ஹிட். வாக் வாங்கினா, அதாவது பிட்சர் (பந்து போடறவர்) நாலு பந்தைத் தப்பாப் போட்டு சும்மாவே முதல் பேஸ் கிடைச்சா, கணக்குல இல்ல, பந்து உடம்புல பட்டு முதல் பேஸுக்குப் போனா கணக்குல இல்ல, சாக்ரிஃபைஸ், அதாவது தான் அவுட் ஆகி பேஸ்ல நிக்கற கூட்டாளியை முன்னேத்தறது, அதுவும் கணக்குல இல்ல. உருண்டு போய் தேர்டு பேஸ்மேன் எடுக்கறதுக்குள்ள ஓடிச் சேர்ந்த சிங்கிளும் ஒரு ஹிட், 450 அடி தூரம், வேலிக்கு வெளிய போன ஹோம்ரனும் ஒரு ஹிட். நூத்தம்பது வருஷம் முன்னாடி பேப்பர்ல பாக்ஸ் ஸ்கோர் போடறதுக்கு வசதியா இருந்த கணக்கு, அது அப்படியே நிலைச்சுடுச்சு.

இப்போ அந்த .250-க்கும் .300-க்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க. 500 அட்-பேட் ஆடினா .250ன்னா 125 ஹிட், .300ன்னா 150 ஹிட். 25 ஹிட் வித்தியாசம், 162 மேட்ச்ல. அதாவது ஆறு மேட்சுக்கு ஒரு ஹிட் கூடுதல். தினமும் மேட்ச் பார்க்கறவனுக்குக்கூட கண்ணால கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம் இது. 1980-ல ஜார்ஜ் பிரெட் 449 அட்-பேட்ல 175 ஹிட், .390. இன்னும் அஞ்சே அஞ்சு ஹிட் விழுந்திருந்தா .400, 1941-ல டெட் வில்லியம்ஸ் .406 அடிச்சதுக்கப்புறம் யாரும் தொடாத நம்பரைத் தொட்டிருப்பாரு. 1994-ல டோனி க்வின் .394, மூணு ஹிட்தான் கம்மி, வீரர்கள் ஸ்ட்ரைக்ல அந்த சீசனே ஆகஸ்ட்ல நின்னு போச்சு.

இனிமே கணக்கு. ஒரு பேட்டரோட உண்மையான திறமை .270ன்னு நமக்கு மட்டும் கடவுள் காதுல சொல்லிட்டாருன்னு வச்சுக்கோங்க. அவன் திறமை கூடவும் இல்ல குறையவும் இல்ல, 500 அட்-பேட் ஆடறான். அப்பவும் அவன் ஆவரேஜ் .270ல வந்து நிக்காது. வெறும் தற்செயலால மட்டுமே 20 பாயிண்ட் அப்படி இப்படி ஆடும், மூணு சீசன்ல ரெண்டு சீசன் .250-க்கும் .290-க்கும் நடுவுல இருக்கும், மீதி ஒரு சீசன் அதுக்கும் வெளிய போயிடும். ரெண்டு சீசனை எடுத்துக் கழிச்சா ரெண்டு பக்கத்து ஆட்டமும் சேர்ந்துக்கும், வித்தியாசத்தோட ஆட்டம் 28 பாயிண்ட் ஆயிடும். அப்படின்னா திறமை கொஞ்சம்கூட மாறாத நூறு ரெகுலர் பேட்டரை எடுத்துக்கிட்டா, அதுல மூணு நாலு பேர் ஒவ்வொரு வருஷமும் சும்மாவே 50 பாயிண்ட் ஏறுவாங்க. இன்னும் மூணு நாலு பேர் சும்மாவே 50 பாயிண்ட் இறங்குவாங்க. ஏறினவனைத்தான் பேட்டி எடுப்பாங்க, அவனும் பாவம், குளிர்காலத்துல ஏதாவது ஒண்ணு மாத்தித்தான் இருப்பான், எல்லாரும் ஏதாவது மாத்தறாங்க, அதனாலதான் அடிச்சேன்னு அவனே நம்பிடுவான். இறங்கினவனும் அதே குளிர்காலத்துல அதே மாதிரி ஏதோ மாத்தினவன்தான்.

மே மாச ஆவரேஜை வச்சு பேசறவங்க இன்னும் பாவம். 1970 சீசன்ல முதல் 45 அட்-பேட் முடிஞ்ச நேரத்துல இருந்த 18 பேரோட ஆவரேஜை எடுத்து பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ்னு ரெண்டு புள்ளியியல்காரங்க 1970கள்ல ஒரு வேலை பண்ணினாங்க. அந்தப் பட்டியல்ல மேல இருந்தது ராபர்ட்டோ கிளெமெண்டே, .400. அடியிலேர்ந்து ரெண்டாவதா இருந்தது நியூயார்க் யாங்கீஸோட புதுப் பையன் தர்மன் மன்சன், .178. மீதி சீசன்ல கிளெமெண்டே .346, மன்சன் .316. மன்சனுக்கு அந்த வருஷம் சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி ஆஃப் தி இயர் விருதே கிடைச்சுது. எஃப்ரானும் மோரிஸும் காட்டினது என்னன்னா, எல்லார் ஆவரேஜையும் அந்தக் கூட்டத்தோட சராசரி, .265 பக்கம், அதை நோக்கி நல்லா இழுத்து விட்டுட்டா, ஒவ்வொருத்தனோட சொந்த ஆவரேஜை நம்பறதைவிட மொத்தத்துல தப்பு ரொம்பக் குறையுது. இதுல இன்னொரு விஷயம் கவனிங்க, கிளெமெண்டேவை மட்டும் .265 பக்கம் ரொம்ப இழுத்தது தப்பா போச்சு, ஏன்னா அந்த ஆள் அதுக்கு முன்னாடியே நாலு தடவை நேஷனல் லீக் (மேஜர் லீக்ல ரெண்டு லீக், நேஷனல், அமெரிக்கன்) பேட்டிங் சாம்பியன், அதாவது அந்த லீக்லயே அதிக ஆவரேஜ். அவரை இழுக்க வேண்டியது கூட்டத்தோட சராசரிக்கு இல்ல, அவரோட பழைய வருஷங்களுக்கு. எந்தப் பக்கம் இழுக்கறதுங்கறதுலதான் பாதி வேலை இருக்கு.

சரி, பிரிச்சுப் பார்க்கறதுன்னு சொன்னேனே. ஒரு அட்-பேட்ல மூணே மூணு விஷயம்தான் நடக்கும். மூணு ஸ்ட்ரைக் வாங்கி ஸ்ட்ரைக்கவுட் ஆவான், இல்ல ஹோம்ரன் அடிப்பான், இல்ல பந்து மைதானத்துக்குள்ள வந்து ஃபீல்டருங்க கைக்கு எட்டற எடத்துல விழும். முதல் ரெண்டுலயும் பேட்டரும் பிட்சரும் மட்டும்தான் சம்பந்தப்பட்டவங்க. மூணாவதுலதான் ஃபீல்டர் நிக்கற எடம், தரை, காத்து, தலையெழுத்து எல்லாம் உள்ள வருது. இந்த மூணாவது வகைப் பந்துல எத்தனை ஹிட் ஆச்சுங்கறதைத்தான் பேபிப்னு (BABIP) சொல்றாங்க, ஹிட்லேர்ந்து ஹோம்ரனைக் கழிச்சுட்டு, அட்-பேட்லேர்ந்து ஸ்ட்ரைக்கவுட்டையும் ஹோம்ரனையும் கழிச்சு சாக்ரிஃபைஸ் ஃப்ளையைக் கூட்டி வகுத்தா அதுதான். லீக் முழுக்கப் பார்த்தா இது .300 பக்கமே நிக்கும், இப்பல்லாம் .290 சொச்சம்.

இதுக்கு நார்ம் கேஷைவிட நல்ல உதாரணம் கிடையாது. டெட்ராய்ட் டைகர்ஸ் ஃபர்ஸ்ட் பேஸ்மேன். 1961-ல 535 அட்-பேட்ல 193 ஹிட், .361, அமெரிக்கன் லீக் சாம்பியன். அடுத்த வருஷம் .243. ஒரு சாம்பியன் அடுத்த வருஷமே 118 பாயிண்ட் விழறது அதுக்கு முன்னாடி நடந்ததில்ல. அதுக்கப்புறம் அவர் வாழ்க்கைல ஒரு முழு சீசன்லகூட .300 தொடல, மொத்த கேரியர் ஆவரேஜ் .271. ஆளு பேட்டுக்குள்ள தக்கை வச்சு ஆடினேன்னு பின்னாடி அவரே சொன்னதால, கதை கேக்கறவங்க எல்லாரும் ஓ அதான் விஷயமான்னு போயிடுவாங்க.

ஆனா ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஹோம்ரன் 41, அடுத்த வருஷம் 39. ஸ்ட்ரைக்கவுட் ரெண்டு வருஷமும் எண்பது சொச்சம். வாக் 124, அடுத்த வருஷம் 104. பேட்டர் கையில இருக்கற விஷயம் எதுவுமே பெருசா மாறல! மாறினது ஒண்ணே ஒண்ணு, மைதானத்துக்குள்ள விழுந்த பந்து. 1961-ல அந்த வகைல நானூத்தி சொச்சம் பந்து, 152 ஹிட், பேபிப் .370 பக்கம். 1962-ல நானூறுக்குக் கொஞ்சம் கம்மி, 84 ஹிட்தான், .216 பக்கம். .370-ம் அவர் இல்ல, .216-ம் அவர் இல்ல. ஒரு வருஷம் எங்க அடிச்சாலும் விழுந்துது, அடுத்த வருஷம் எங்க அடிச்சாலும் ஒருத்தன் நின்னான். தக்கை விஷயத்துக்கு வந்தா, இயற்பியல் ஆளுங்க லேப்ல சோதிச்சுப் பார்த்தவரைக்கும் தக்கை வச்ச பேட்ல பந்து கூடுதல் தூரம் போகல. 1961-ல அமெரிக்கன் லீக் எட்டு டீம்லேர்ந்து பத்து டீம் ஆச்சு, பிட்சிங் நீர்த்துப் போச்சுன்னும் ஒரு காரணம் சொல்லுவாங்க, ஆனா 1962-லயும் அதே பத்து டீம்தானே.

1962 முடிஞ்சதும் டெட்ராய்ட்ல ஒருத்தர் கேஷ் கதை முடிஞ்சுதுன்னு சொல்லியிருந்தா ஆவரேஜ் அவர் பக்கம் நின்னிருக்கும். 39 ஹோம்ரனும் 104 வாக்கும் அவரைப் பார்த்து சிரிச்சிருக்கும்.

இதைப் படிச்சுட்டு அப்போ பேபிப் ஏறினாலே லக்குன்னு கிளம்பிடாதீங்க, இணையத்துல பாதிப் பேர் பண்ற தப்பு அதுதான். பேபிப்ல திறமையும் இருக்கு. வேகமா ஓடறவன், நேர்க்கோட்டுல அடிக்கறவன், பந்தை நாலா பக்கமும் அனுப்பறவன், இவங்களுக்கு .300-க்கு மேலயே வீடு இருக்கும். ஜப்பான்காரர் இச்சிரோ 2004-ல 262 ஹிட் அடிச்சு .372 எடுத்தப்போ அதுல 225 சிங்கிள், இடது கை பேட்டர், அடிச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு கால் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் கிளம்பியிருக்கும், அதை லக்குன்னு சொல்ல முடியுமா?

சிகாகோ ஒயிட் சாக்ஸ் டிம் ஆண்டர்சன் கேஸ்தான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அதுல எல்லார் கணிப்பும் பாதி பாதி சரியா போச்சு. 2018-ல .240. 2019-ல .335, அமெரிக்கன் லீக் சாம்பியன். 95 பாயிண்ட் ஏற்றம். பேபிப் .289 பக்கத்துலேர்ந்து .399. அந்த சீசன் முழுக்க அவர் வாங்கின வாக் 15தான், எந்தப் பந்தைப் போட்டாலும் சுத்துவாரு. நம்பர் பார்க்கற கூட்டத்துல பலபேர் இது லக், அடுத்த வருஷம் நல்லா இறங்கிடும்னு சொன்னாங்க. அடுத்த வருஷம், கொரோனா வருஷம், 60 மேட்ச் சீசன், .322. அதுக்கடுத்து .309. ஐயோவா மாநிலத்துல சோளக்காட்டு நடுவுல ஒரு மைதானம் கட்டி யாங்கீஸோட ஒரு மேட்ச் ஆடினாங்களே, 2021 ஆகஸ்ட்ல, கடைசி இன்னிங்ஸ்ல ரைட் ஃபீல்டு சோளத்துக்குள்ள ஹோம்ரன் அடிச்சு முடிச்சது இவர்தான். 2022-ல .301. ஆக நாலு வருஷம் தொடர்ந்து .300-க்கு மேல, பேபிப் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கினாலும் லீக் சராசரிக்கு ரொம்ப மேலதான்.

அப்போ .335 நிஜமா? இல்ல. .240 நிஜமா? அதுவும் இல்ல. 2019-ல ஒரு நம்பர் மட்டும் மெல்ல மாறியிருந்துது, ஸ்ட்ரைக்கவுட். 2018-ல நூறு தடவை பேட் பிடிச்சா 25 தடவை பக்கம் ஸ்ட்ரைக்கவுட், 2019-ல 21. அந்த நாலு தடவை பந்து மைதானத்துக்குள்ள வந்துது, அந்த அளவுக்குத் தேறினது நிஜம், அதுக்கு மேல ஏறினது அந்த வருஷத்து மழை. அப்புறம் 2023-ல ஏப்ரல்லயே முட்டில அடி, .245, வருஷம் முழுக்க ஒரே ஒரு ஹோம்ரன். அடுத்த வருஷம் மயாமில .214, ஜூலையில அனுப்பிட்டாங்க. பாருங்க, இப்படியும் ஒண்ணு இருக்கு, 2019-ல வந்த திறமை நிஜமாவே இருந்துது, அப்புறம் நிஜமாவே போயிடுச்சு. நிஜமான முன்னேற்றம்னா நிரந்தரம்னு அர்த்தம் இல்ல, அதை மட்டும் பலபேர் மறந்துடறாங்க.

மைதானத்தைச் சொல்லாம விட்டா டென்வர்காரங்க சும்மா இருப்பாங்க, மத்தவங்க இருக்க மாட்டாங்க. கடல் மட்டத்துலேர்ந்து 5,280 அடி உசரம், காத்து லேசு, பந்து தூரமாவும் போகும், கர்வ் பாலும் ஒழுங்கா திரும்பாது, அதோட பந்து தூரம் போகுதேன்னு அவுட்ஃபீல்டையும் பெருசா கட்டி வச்சிருக்காங்க, அதனால முன்னாடி பொத்துன்னு விழற சிங்கிளுக்கும் ஏகப்பட்ட எடம். ஆண்ட்ரெஸ் கலராகா 1992-ல செயின்ட் லூயிஸ்ல .243, 1993-ல கொலராடோ போனதும் .370. மைக்கேல் கடாயர் 2011-ல மின்னசோட்டால .284, 2013-ல கொலராடோல .331, சாம்பியன். ஜஸ்டின் மோர்னோ 2013-ல .259, 2014-ல அங்க போய் .319, சாம்பியன். மூணு பேருக்கும் அந்த ஊருக்குப் போய்த்தான் ஞானோதயம் வந்திருக்கும்னு நான் நம்பல. கடாயர் நியூயார்க் மெட்ஸுக்கு வந்ததும் .259. அதே கொலராடோல .348 அடிச்சு 2016-ல சாம்பியன் ஆன டிஜே லெமேஹியுவையும் எல்லாரும் டென்வர் பேட்டர்னுதான் ஒதுக்கினாங்க, அவர் யாங்கீஸுக்குப் போய் .327, அடுத்த வருஷம் .364 அடிச்சு அங்கயும் சாம்பியன். ஊரை விட்டு வெளிய வந்தாதான் தெரியும்.

லீக்கே மாறறதும் உண்டு. 1968-ல மொத்த மேஜர் லீக் ஆவரேஜே .237, அமெரிக்கன் லீக் சாம்பியன் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி .301 தான். அடுத்த வருஷம் பிட்சர் நிக்கற மேட்டை 15 இஞ்ச்லேர்ந்து 10 இஞ்ச்சா இறக்கினாங்க, எல்லாரும் திடீர்னு நல்லா அடிச்சாங்க. 2023-ல ஷிஃப்ட்டுக்கு, அதாவது ஃபீல்டருங்களை ஒரே பக்கமா குவிச்சு நிறுத்தறதுக்கு, தடை, செகண்ட் பேஸுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இன்ஃபீல்டர் நிக்கணும்னு ரூல், லீக் ஆவரேஜ் .243-லேர்ந்து .248 ஆச்சு, 2024-ல திரும்ப .243. அஞ்சு பாயிண்ட்தானேன்னு தோணும், ஆனா எப்பவும் ரைட் சைடு தரைல உருட்டற இடது கை பேட்டருக்கு அதைவிட அதிகமாவே வந்திருக்கும். அவன் தேறல, அவன் முன்னாடி நின்ன ஆளை நகத்திட்டாங்க.

இப்போ நிஜமாவே தேறினவன் கதைக்கு வருவோம். ஜே.டி. மார்ட்டினெஸ். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ்ல 2012-ல .241, 2013-ல .250, ஏழு ஹோம்ரன். நீங்க கேட்ட கேள்வில வர்ற ஆளேதான். 2013 சீசன் முடியற நேரத்துல பெரிய பேட்டருங்களோட வீடியோவையும் தன்னோட வீடியோவையும் பக்கத்துல வச்சுப் பார்த்து, தான் பந்தை மேலேர்ந்து கீழ வெட்டற மாதிரி அடிக்கறேன், அவங்க பந்து வர்ற பாதைக்குள்ள பேட்டைக் கொண்டு வந்து கீழேர்ந்து மேல தூக்கறாங்கன்னு கண்டுபிடிச்சு, கலிஃபோர்னியால வெளி ஆள் கோச்சுங்களைத் தேடிப் போய் ஸ்விங்கையே கழட்டி மாட்டினாரு. திரும்பி வந்து இப்போ நான் வேற ஆளுன்னு சொன்னா டீம் நம்பல, சீசனுக்கு முந்தின ஸ்பிரிங் டிரெயினிங்ல சரியா ஆடவும் விடல, மார்ச் 2014-ல ரிலீஸ் பண்ணிட்டாங்க. டைகர்ஸ் மைனர் லீக் கான்ட்ராக்ட் குடுத்துது. அவங்களோட மைனர் லீக் டீம் டொலிடோல 17 மேட்ச்ல 10 ஹோம்ரன், மேல கூப்பிட்டாங்க, அந்த வருஷம் .315, 23 ஹோம்ரன்.

இங்கதான் கவனமா பார்க்கணும். 2014-ல அவர் பேபிப் .389. நார்ம் கேஷ் பாடத்தை மனப்பாடம் பண்ணினவன் இதைப் பார்த்ததும் லக்குன்னுதான் சொல்லுவான். ஆவரேஜைப் பொறுத்தவரைக்கும் அவன் சொல்றது சரியும்கூட, 2015-ல ஆவரேஜ் .282-க்கு வந்துடுச்சு. ஆனா ஹோம்ரனைப் பாருங்க. 2013-ல 42 அட்-பேட்டுக்கு ஒண்ணு, 2014-ல 19-க்கு ஒண்ணு, 2015-ல 16-க்கு ஒண்ணு, மொத்தம் 38. ஆவரேஜ் 33 பாயிண்ட் இறங்கின வருஷத்துல பேட்டர் இன்னும் நல்லா அடிச்சிருக்காரு. ஹோம்ரனை ஃபீல்டர் விட்டுக் குடுத்து வாங்க முடியாது, அதனால அது சீக்கிரமா உண்மையைச் சொல்லிடும். 2017-ல 45, 2018-ல பாஸ்டன்ல 43 ஹோம்ரனோட .330. ஆஸ்ட்ரோஸ் ஆளுங்க .250-ஐப் பார்த்தாங்க, ஸ்விங்கைப் பார்க்கல.

2015-லேர்ந்து எல்லா மேஜர் லீக் மைதானத்துலயும் பந்தை அளக்கற ஸ்டாட்காஸ்ட் கருவி வந்துடுச்சு, இனிமே இவ்ளோ சுத்தி வளைக்க வேண்டாம். பேட்லேர்ந்து பந்து என்ன வேகத்துல, எந்தக் கோணத்துல கிளம்புச்சுங்கறது ஒவ்வொரு பந்துக்கும் பதிவாகுது. மணிக்கு 108 மைல்ல கிளம்பின பந்து, தரைக்கு மேல பத்து பன்னண்டு டிகிரில, நேரா ஷார்ட்ஸ்டாப் நெஞ்சுக்கு வருது, அவன் கிளவுஸைக் குறுக்கே வச்சதும் ஒட்டிக்குது, அவுட், ஆவரேஜ் இறங்குது. அதே ஆளுக்கு அடுத்த தடவை பேட்டோட கைப்பிடிக்குப் பக்கத்துல பட்டு, பேட் உடைஞ்சு, 65 மைல்ல தூக்கின பந்து செகண்ட் பேஸ்மேன் பின்னாடி ஓடி ஓடி எட்டாம, ரைட் ஃபீல்டர் முன்னாடி ஓடி வந்தும் எட்டாம, ரெண்டு பேருக்கும் நடுவுல விழுது, ஹிட், ஆவரேஜ் ஏறுது. ஸ்டாட்காஸ்ட்ல அந்த முதல் பந்துக்கு, அவுட் ஆனாலும், நல்ல மதிப்பு உண்டு. 95 மைலுக்கு மேல அடிச்சதை ஹார்ட் ஹிட்னு கணக்கு வைக்கறாங்க, அதுல பாதி பக்கம் ஹிட் ஆகுது, மெதுவா அடிச்சதுல அஞ்சுல ஒண்ணு பக்கம்தான். இதையெல்லாம் கூட்டி, இவன் அடிச்ச பந்துங்களுக்கு வழக்கமா எவ்ளோ ஆவரேஜ் வந்திருக்கணும்னு எதிர்பார்ப்பு ஆவரேஜ்னு ஒண்ணு போடறாங்க. அது .260, நிஜ ஆவரேஜ் .300ன்னா எனக்கு சந்தேகம் வந்துடும். அது .295ன்னா நான் வாயை மூடிக்குவேன்.

ஆனா வேகத்தையே கட்டிக்கிட்டு அழவும் வேண்டாம். லூயிஸ் அராயெஸ் மெதுவா அடிக்கறவர், 2022-ல மின்னசோட்டால .316, 2023-ல மயாமில .354, 2024-ல கொஞ்ச நாள் மயாமி, முக்காவாசி சீசன் சான் டியேகோ, மொத்தம் .314, மூணு டீம் ஜெர்சில மூணு தொடர் சாம்பியன் பட்டம். 2024 முழு சீசன்ல 29 ஸ்ட்ரைக்கவுட்தான், சில பேட்டருங்க மூணு வாரத்துல அதை முடிச்சுடுவாங்க.  இவர் மாதிரி ஆளுக்கு ஆவரேஜ் ஓரளவு உண்மை பேசும்.

எதிர்ப்பக்கமும் இருக்கு, முன்னேற்றம் வந்தும் ஆவரேஜ்ல தெரியாதவங்க. கிறிஸ் டேவிஸ், இங்கிலீஷ்ல K-ல ஆரம்பிக்கற ஓக்லண்ட் டேவிஸ், C-ல ஆரம்பிக்கற பால்டிமோர் டேவிஸ் இல்ல. 2015-ல .247. 2016-ல .247. 2017-ல .247. 2018-ல .247. நாலு வருஷம் ஒரே நம்பர், யாராவது வேணும்னு பண்ணாகூட வராது. ஹோம்ரன் 27, 42, 43, 48. கடைசி வருஷம் மேஜர் லீக்லயே அவர்தான் முதல். ஆவரேஜ் மட்டும் பார்க்கறவனுக்கு அந்த நாலு வருஷத்துல ஒண்ணுமே நடக்கல!

வாக்கும் அப்படித்தான். வெளிய போற ஸ்லைடரைத் துரத்தாம விடக் கத்துக்கறதுதான் ஒரு இளம் பேட்டர் கத்துக்கற பெரிய விஷயம்னு நான் நினைக்கறேன், அது ஆவரேஜ்ல நேரா வரவே வராது. சுத்தி வளைச்சுதான் வரும், 0-2ன்னு (தப்பான பந்து பூஜ்யம், ஸ்ட்ரைக் ரெண்டு) மாட்டிக்காம 2-0ன்னு நின்னா பிட்சர் நடுவுல போட்டே ஆகணும், அப்போ நல்ல பந்து கிடைக்கும். அதனால ஆவரேஜ் ஏறியிருக்கு, கூடவே வாக் ஏறியிருக்கு, ஸ்ட்ரைக்கவுட் இறங்கியிருக்குன்னா எனக்கு நம்பிக்கை வரும். ஸ்ட்ரைக்கவுட் விகிதம் அறுபது தடவை பேட் பிடிச்சாலே ஓரளவு பேச ஆரம்பிச்சுடும், ஆவரேஜ் அதே அளவு பேச 900 அட்-பேட் பக்கம் வேணும்னு ரஸல் கார்ல்டன்னு ஒரு பேஸ்பால் ஆராய்ச்சியாளர் கணக்குப் போட்டு காட்டியிருக்காரு. 900ன்னா ஒன்றரை சீசனுக்கு மேல. ஒரு சீசன் ஆவரேஜை வச்சு பட்டிமன்றம் நடத்தறது ஏன் முடியவே மாட்டேங்குதுன்னு இப்போ புரியுதா.

சரி, கணக்கு. டாம் டாங்கோன்னு ஒருத்தர் அடுத்த வருஷக் கணிப்புக்கு ரொம்ப எளிமையா ஒரு முறை வச்சாரு, குரங்குகூட போட்டுடும்னு ஒரு குரங்கோட பேரையே வச்சாரு, மார்செல். கடைசி வருஷத்துக்கு அஞ்சு மடங்கு மதிப்பு, அதுக்கு முந்தின வருஷத்துக்கு நாலு, அதுக்கும் முந்தினதுக்கு மூணு, அதோட லீக் சராசரியா 1,200 தடவை பேட் பிடிச்ச மாதிரி சேர்த்துக்கணும், அப்புறம் வயசுக்குக் கொஞ்சம் கூட்டிக் கழிக்கணும். நீங்க சொன்ன ஆளுக்கு வருஷத்துக்கு 550ன்னு வச்சு .300, .250, .250 போட்டு, லீக்குக்கு .245 போட்டா, வயசை விட்டுட்டுப் பார்த்தா .267 வருது. 50 பாயிண்ட்ல 17, அதான் மூணுல ஒரு பங்கு. இதைவிட ஆடம்பரமான கணிப்பு முறைங்க எல்லாம் இந்தக் குரங்கை ஜெயிக்கத் திணறும், ஜெயிச்சாலும் கொஞ்சம்தான்.

அந்த .267-ஐ வச்சுக்கிட்டு அவனோட பக்கத்தைத் திறந்து பாருங்க. ஸ்ட்ரைக்கவுட் அதேதான், வாக் அதேதான், எதிர்பார்ப்பு ஆவரேஜ் .255, பேபிப் மட்டும் .290-லேர்ந்து .360ன்னா நான் .260-க்கு மேல ஒரு காசு வைக்க மாட்டேன். ஸ்ட்ரைக்கவுட் நாலஞ்சு சதவீதம் இறங்கியிருக்கு, ஹார்ட் ஹிட் ஏறியிருக்கு, ஊர் மாறல, வயசு 25-26ன்னா .280 வரைக்கும் வருவேன். .300ன்னு யாராவது பந்தயம் கட்டினா ரெண்டு கேஸ்லயும் எதிர்ப்பக்கம் எடுத்துக்கறேன். அப்புறம் அடுத்த மே மாசம் அவன் .220ல நின்னா அதுக்கும் பதறாதீங்க, அப்பவும் முதல்ல ஸ்ட்ரைக்கவுட்டைப் பாருங்க.